கோழி தின்றதால் தோற்றார்களா? பாஸ்டன் ரெட் சாக்ஸின் 2011

பாஸ்டன் பேஸ்பால் ரசிகர் ஒருவரிடம் 2011 என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், அடுத்த வார்த்தை கோழி என்று வரும். பொரித்த கோழி, பீர், வீடியோ கேம். அந்த வருடம் ரெட் சாக்ஸ் அணி செப்டம்பரில் ஆடிய 27 ஆட்டத்தில் 7 ஜெயித்து 20 தோற்று, கையில் இருந்த பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டப் போட்டிகள்) இடத்தைக் கடைசி நாள் நள்ளிரவில் கோட்டை விட்டது. ஏன் என்ற கேள்விக்கு அன்றிலிருந்து இரண்டே பதில்தான் சுற்றி வருகிறது. வீரர்களுக்குத் திமிர் ஏறிவிட்டது, தட்டிக் கேட்க ஆள் இல்லை என்பது ஒன்று. பந்து போட ஆள் இல்லை என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. அதற்குக் காரணம் சொல்ல 2011-ஐ மட்டும் பார்த்தால் போதாது, அதற்கடுத்த இரண்டு குளிர்காலங்களில் அணியை எப்படிக் கலைத்து அடுக்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2010-ல் ரெட் சாக்ஸ் 89 ஆட்டம் ஜெயித்தும் பிளேஆஃபுக்குப் போகவில்லை. உடனே பணப்பெட்டியைத் திறந்தார்கள். சான் டியேகோவிலிருந்து ஏட்ரியன் கொன்சாலஸை டிரேடில் வாங்கினார்கள். அவருக்காகக் கொடுத்த இளசுகளில் ஆண்டனி ரிஸ்ஸோ என்றொரு பையன் இருந்தான், அவன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொன்சாலஸுக்கு 7 வருடம், 15.4 கோடி டாலர். தம்பா பே அணியிலிருந்து கார்ல் க்ராஃபோர்டு, அவருக்கும் 7 வருடம், 14.2 கோடி டாலர். க்ராஃபோர்டின் சொத்து ஓட்டம், பரந்த மைதானத்தில் பந்தைத் துரத்திப் பிடிப்பது. அவரைக் கொண்டுபோய் ஃபென்வே பார்க்கின் லெஃப்ட் ஃபீல்டில் நிறுத்தினார்கள். அங்கே கிரீன் மான்ஸ்டர் என்ற பெரிய சுவர் முதுகுக்குப் பின்னால் நெருங்கி நிற்கும், ஓடவே இடம் இருக்காது. பணம் கொடுப்பதற்கு முன் இதை யாராவது யோசித்தார்களா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. அந்த வருடம் அவர் பேட்டிங் சராசரி .255-க்கு இறங்கியது, முந்தைய வருடம் 47 பேஸ் திருடியவர் (பிட்சர் அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) 18-தான் திருடினார்.

சீசன் ஆரம்பமே கோணல். முதல் 6 ஆட்டமும் தோல்வி, முதல் 12-ல் 2 தான் வெற்றி. அப்புறம் சூடு பிடித்தது பாருங்கள், அங்கிருந்து ஆகஸ்ட் முடியும்வரை 81 வெற்றி, 42 தோல்வி. ஆகஸ்ட் 31 அன்று 83-52, நியூயார்க் யாங்கீஸைவிட ஒன்றரை ஆட்டம் முன்னால் நின்று டிவிஷனில் முதலிடம். டிவிஷன் போனாலும் வைல்ட் கார்டு இருக்கிறது, அதாவது டிவிஷனில் முதலிடம் பிடிக்காத அணிகளில் சிறந்ததற்குக் கிடைக்கும் பிளேஆஃப் இடம், அந்தக் கணக்கில் செப்டம்பர் 3 அன்று தம்பா பேயைவிட 9 ஆட்டம் முன்னிலை. மாதத்தின் மீதி நாட்களில் பாதிக்குப் பாதி ஜெயித்திருந்தாலே போதும். அடுத்த 24 ஆட்டத்தில் அவர்கள் ஜெயித்தது 6.

இதில் அடிப்பவர்களைக் குறை சொல்ல அதிகம் இல்லை. அந்த சீசன் முழுக்க அமெரிக்காவின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கிலேயே அதிகமாக 875 ரன் எடுத்த அணி அது. சரிவு நடந்துகொண்டிருந்த அதே செப்டம்பரில் டொரொன்டோவுக்கு எதிராக ஒருநாள் 18 ரன், பால்டிமோருக்கு எதிராக இன்னொரு நாள் 18 ரன். ஜேகோபி எல்ஸ்பரி 32 ஹோம் ரன் அடித்து, 39 பேஸ் திருடி, எம்விபி என்ற சிறந்த வீரர் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தார். பிரச்சினை மறுபக்கம். செப்டம்பரில் அணியின் ஸ்டார்ட்டிங் பிட்சர்கள் (ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து போடுபவர்கள்) எல்லோருடைய ஈ.ஆர்.ஏ.-வையும் சேர்த்துப் பார்த்தால் 7.08. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏழு ரன் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம், நான்கு ரன் கொடுத்தால் சுமாரான பிட்சர் என்று வைத்துக்கொள்ளலாம். வாரம் முழுக்க ஏழு ரன் கொடுத்துக்கொண்டே எந்த அணியாலும் ஜெயிக்க முடியாது.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், மொத்த வழக்கும் இதில்தான் இருக்கிறது. ஆறு மாதத்தில் 162 ஆட்டம், கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஒருநாள் போட்டால் நான்கு நாள் தோளை ஆற வைக்க வேண்டும், அதனால் ஐந்து பேர் முறை வைத்துப் போடுவார்கள். அடிப்பவர்களில் ஒருவர் சொதப்பினால் மற்ற எட்டுப் பேர் தாங்கிக்கொள்ளலாம். ஸ்டார்ட்டர்களில் ஓட்டை விழுந்தால் ஐந்தாவது நாள் தவறாமல் அது வாயைப் பிளக்கும். அவர் மூன்றாவது இன்னிங்ஸிலேயே அடி வாங்கி வெளியேறினால் மீதி ஆறு இன்னிங்ஸையும் ரிலீவர்கள் என்ற மாற்றுப் பிட்சர்கள் போட வேண்டும், அவர்கள் மறுநாளும் அதற்கு மறுநாளும் களைத்துப்போய் வருவார்கள். ஓட்டை ஒன்றல்ல இரண்டு மூன்று என்றால் ஏப்ரலில் சமாளித்துவிடலாம், செப்டம்பரில் எல்லாக் கடனும் ஒன்றாக வந்து வாசலில் நிற்கும்.

ரெட் சாக்ஸுக்கு எத்தனை ஓட்டை? டைசுகே மட்சுஸாக்காவுக்கு ஜூனில் முழங்கை அறுவை சிகிச்சை, சீசன் முடிந்தது. க்ளே புக்ஹோல்ஸுக்கு முதுகு எலும்பில் விரிசல், ஜூன் நடுவில் கடைசியாகப் பந்து போட்டவர் திரும்பவே இல்லை. ஜான் லாக்கி, 5 வருடம் 8.25 கோடி டாலர் ஒப்பந்தக்காரர், கெட்டுப்போன முழங்கையோடு போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சீசன் ஈ.ஆர்.ஏ. 6.41. ஜூலை கடைசியில் எரிக் பெடார்டை வாங்கினார்கள், காயத்துக்குப் பேர்போன ஆள், செப்டம்பரில் அவரும் நொண்டினார். ஆக மிச்சம் இருந்தது ஜான் லெஸ்டர், ஜாஷ் பெக்கெட் இருவரும்தான், அவர்களும் கடைசி மாதத்தில் தேய்ந்துபோனார்கள். இந்த லட்சணத்தில் 45 வயது டிம் வேக்ஃபீல்டு தன் 200-ஆவது வெற்றிக்காக எட்டு முறை முயன்று கடைசியில் செப்டம்பர் 13 அன்று அடைந்தார். நெகிழ்ச்சியான விஷயம்தான், நானும் மகிழ்ந்தேன். ஆனால் பிளேஆஃப் பந்தயத்தில் இருக்கும் ஒரு பணக்கார அணி மெதுவாக, சுழலாத பந்து போடும் 45 வயது நக்கிள்பால்காரரை நம்பி நின்றது என்பதை அந்த மகிழ்ச்சியில் யாரும் கேட்கவில்லை.

தம்பா பேயோடு அந்த மாதம் ஆடிய 7 ஆட்டத்தில் 6 தோல்வி. கடைசி ஒன்பது பத்து நாளில் பால்டிமோரோடு 7 ஆட்டம், அந்த வருடம் 69-93 என்று முடித்த கடைசி இடத்து அணி, அவர்களிடமும் 5 தோல்வி.

செப்டம்பர் 28. பாஸ்டனும் தம்பா பேயும் சமம். பால்டிமோரில் லெஸ்டர் மூன்றே நாள் ஓய்வில் வந்து போட்டார், வேறு ஆள் இல்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும். நன்றாகவே போட்டார். ஏழாவது இன்னிங்ஸில் மழை, 3-2 என்று பாஸ்டன் முன்னிலை. அதே நேரத்தில் ஃபுளோரிடாவில் தம்பா பே யாங்கீஸிடம் 7-0 என்று பின்தங்கிக் கிடந்தது. பாஸ்டன் வீரர்கள் மழையில் ஓய்வறைக்குள் உட்கார்ந்திருந்த நேரத்தில் அங்கே எட்டாவது இன்னிங்ஸில் தம்பா பே 6 ரன் எடுத்தது. ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட், இரண்டு ஸ்ட்ரைக், .108 சராசரி வைத்திருந்த டேன் ஜான்சன் வந்து ஒரு ஹோம் ரன், சமம். பால்டிமோரில் மழை விட்டது. எட்டாவதில் பாஸ்டனின் மார்கோ ஸ்கூட்டரோ நடுவழியில் தயங்கி நின்றதால் ஹோம் பிளேட்டில் அவுட். ஒன்பதாவதில் பேஸ் நிறைந்திருக்க டபுள் பிளே, ஒரே அடியில் இருவர் அவுட். இருந்தாலும் முன்னிலைதானே, அந்த சீசனில் எட்டு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருந்த 77 ஆட்டத்தையும் ஜெயித்திருந்தார்கள். முன்னிலையைக் காக்கக் கடைசியில் வரும் பிட்சர், அதாவது குளோசர், ஜோனதன் பாப்பெல்பான் முதல் இருவரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். இன்னும் ஒரே ஆள். பால்டிமோரின் கிறிஸ் டேவிஸ் டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் அடி), நோலன் ரீமோல்டு டபுள், ராபர்ட் ஆண்டினோ லெஃப்ட் ஃபீல்டில் தாழ்வாக ஒன்று அடிக்க, 14.2 கோடி டாலர் க்ராஃபோர்டு சறுக்கிப் பாய்ந்தார், பந்து கையுறையில் நிற்கவில்லை. 4-3. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது, பன்னிரண்டாவது இன்னிங்ஸில் எவான் லொங்கோரியா ஹோம் ரன் அடித்து தம்பா பே 8-7 என்று ஜெயித்தது. பாஸ்டன் 90, தம்பா பே 91.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அடுத்த வருடமே, 2012-ல், மேஜர் லீக் தனக்குள் இருக்கும் இரண்டு லீகுகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது வைல்ட் கார்டைக் கொண்டுவந்தது. அது ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் 90 வெற்றியோடு பாஸ்டன் பிளேஆஃபில் இருந்திருக்கும். கோழிக் கதையை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆனால் எழுதினார்கள். இரண்டு நாளில், செப்டம்பர் 30 அன்று, மேனேஜர், அதாவது களத்தில் அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர், டெர்ரி ஃபிரான்கோனா வெளியேறினார். 86 வருடம் கழித்து 2004-ல் கோப்பையைக் கொண்டுவந்தவர், 2007-ல் இன்னொன்று. அக்டோபரில் பாஸ்டன் குளோப் நாளிதழில் பெரிய செய்திக் கட்டுரை: ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அன்று பந்து போடாத ஸ்டார்ட்டர்கள் ஓய்வறையில் உட்கார்ந்து கோழி தின்று பீர் குடித்து வீடியோ கேம் ஆடினார்கள், பெயர்கள் லெஸ்டர், பெக்கெட், லாக்கி. ஊரே கொதித்தது. கொதிக்காமல் இருக்குமா, கோடிகளில் சம்பளம் வாங்குகிறவன் சக வீரன் களத்தில் திணறும்போது உள்ளே கோழி கடித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் எரியும். ரசிகர்கள் கேட்டதும் நியாயமான கோபத்தில்தான்: மூன்று பேரையும் விற்றுத் தள்ளு, கண்டிப்பான ஆளைக் கொண்டுவா. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை 81 ஆட்டம் ஜெயித்ததும் இதே ஃபிரான்கோனாவின் கீழ், இதே ஓய்வறையிலிருந்துதான் என்று சொன்னவர்கள் பேச்சு எடுபடவில்லை.

வீரர்களை வாங்கி விற்கும் பொறுப்பில் இருந்த ஜெனரல் மேனேஜர் தியோ எப்ஸ்டைன் சிகாகோ கப்ஸுக்குப் போய்விட்டார். அவருடைய உதவியாளராக இருந்த பென் செரிங்டன் அந்த நாற்காலிக்கு வந்தார், புது மேனேஜராக பாபி வேலன்டைன் வந்தார். வந்ததும் ஓய்வறையில் பீருக்குத் தடை. கைதட்டல்.

சரி, பந்து போட ஆள்? அங்கேதான் கோளாறு. லக்சரி டாக்ஸ் என்று ஒன்று உண்டு, அணியின் மொத்தச் சம்பளம் அப்போது 17.8 கோடி டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு அபராதம், தொடர்ந்து தாண்டினால் விகிதம் ஏறும். கொன்சாலஸ், க்ராஃபோர்டு, லாக்கி, பெக்கெட் ஆகியோரின் நீண்ட ஒப்பந்தங்களே அந்த வரம்பில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. அதனால் ஓட்டை எங்கே என்று தெரிந்தும் நல்ல ஸ்டார்ட்டரை வாங்கக் காசில்லை. பாப்பெல்பான் 4 வருடம் 5 கோடி டாலருக்கு ஃபிலடெல்ஃபியா போனார். அவர் இடத்துக்கு ஓக்லாண்டிலிருந்து ஆண்ட்ரூ பெய்லி, பதிலுக்கு ஜாஷ் ரெட்டிக்கைக் கொடுத்தார்கள். பெய்லி பயிற்சி முகாமிலேயே கட்டைவிரலைக் காயப்படுத்திக்கொண்டார், ரெட்டிக் ஓக்லாண்டில் 32 ஹோம் ரன் அடித்தார். சம்பளத்தைக் குறைக்க ஸ்கூட்டரோவைக் கொலராடோவுக்குத் தள்ளிவிட்டார்கள். அவர் அங்கிருந்து ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோ போய், அக்டோபரில் லீக் இறுதிச் சுற்றின் எம்விபி ஆகி உலகத் தொடர் கோப்பையும் வாங்கினார். ஸ்டார்ட்டர் ஓட்டையை அடைக்க வெளியே வாங்க முடியாமல், நல்ல ரிலீவராக இருந்த டேனியல் பார்டைப் பிடித்து ஸ்டார்ட்டராக மாற்றினார்கள். அவருக்குப் பந்தின் மீதிருந்த கட்டுப்பாடே போய்விட்டது. பாவம், அந்த மனிதர் மீண்டு மேஜர் லீகில் நிலைகொள்ள 2020 ஆயிற்று.

2012 எப்படிப் போயிருக்கும் என்று ஊகித்திருப்பீர்கள். ஏப்ரலிலேயே வேலன்டைன், அணியின் மூத்த வீரர் கெவின் யூக்கிலிஸுக்கு முன்பு போல் ஆட்டத்தில் ஈடுபாடில்லை என்று பத்திரிகையாளர்களிடம் சொல்ல, சக வீரர் டஸ்டின் பெட்ரோயா இங்கே அப்படி நடந்துகொள்வது வழக்கமில்லை என்று வெளிப்படையாகவே திருப்பிக் கொடுத்தார். ஜூனில் யூக்கிலிஸ் சிகாகோ வைட் சாக்ஸுக்குப் போனார். லாக்கி அறுவை சிகிச்சை முடிந்து வருடம் முழுக்க வெளியே. லெஸ்டர் 9 வெற்றி, 14 தோல்வி. முடிவு 69-93, 1965-க்குப் பிறகு அந்த அணியின் மோசமான கணக்கு. முந்தைய வருடம் பால்டிமோர் முடித்ததும் இதே 69-93 தான், அந்தப் பால்டிமோர் இந்த வருடம் அப்படியே தலைகீழாக 93-69. பீர் இல்லாத ஓய்வறை, 21 வெற்றி குறைவு.

ஆகஸ்ட் 25, 2012 அன்று நடந்ததுதான் உண்மையான திருப்பம். புது முதலாளிகளோடு பணம் இறைத்துக்கொண்டிருந்த லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் கொன்சாலஸ், க்ராஃபோர்டு, பெக்கெட், கூடவே நிக் புன்டோ, நால்வரையும் எடுத்துக்கொண்டது. 25 கோடி டாலருக்கும் அதிகமான சம்பளப் பொறுப்பு ஒரே நாளில் இறங்கியது. பதிலுக்கு வந்த வீரர்கள் யாரும் பெரிதாகச் சோபிக்கவில்லை, அது தேவையாகவும் இருக்கவில்லை. கோழிக்காரர்களைத் துரத்திவிட்டோம் என்று பல ரசிகர்கள் இதைக் கொண்டாடினார்கள், ஆனால் போன நால்வரில் கோழிக் கட்டுரையில் இருந்தவர் பெக்கெட் மட்டும்தான். போனது குணம் அல்ல, 2017, 2018 வரை நீண்டுகிடந்த ஒப்பந்தங்கள்.

கையில் காசு வந்தபின் செரிங்டன் அதை எப்படிச் செலவழித்தார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். யாருக்கும் மூன்று வருடத்துக்கு மேல் தரவில்லை. ஷேன் விக்டோரினோ 3 வருடம் 3.9 கோடி டாலர். மைக் நாப்போலிக்கும் அதே தொகை பேசி முடித்து, இடுப்பு எலும்பில் கோளாறு தெரிந்ததும் ஒரு வருடம் 50 லட்சம் டாலராகக் குறைத்தார்கள். ஜானி கோம்ஸ் 2 வருடம், டேவிட் ராஸ் 2 வருடம், ரயன் டெம்ப்ஸ்டர் 2 வருடம், ஸ்டீஃபன் ட்ரூ ஒரு வருடம். 37 வயது ஜப்பான்காரர் கோஜி உஎஹாராவுக்கு ஒரு வருடம் 42.5 லட்சம் டாலர். ரசிகர்களுக்கு ஏமாற்றம், பெரிய பெயர் ஒன்றுகூட இல்லையே என்று. விக்டோரினோவுக்கு இவ்வளவா என்று சண்டை. மேனேஜராக டொரொன்டோவிலிருந்து ஜான் ஃபாரெலைக் கூட்டிவந்தார்கள். கண்டிப்புக்காக அல்ல, 2007 முதல் 2010 வரை இதே பாஸ்டனில் பிட்சிங் கோச்சாக இருந்தவர், லெஸ்டரும் புக்ஹோல்ஸும் அவர் கையில் வளர்ந்தவர்கள். கோழிக் கட்டுரையின் மற்ற இருவர், லெஸ்டரும் லாக்கியும், இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

2013-ல் 97 வெற்றி. லெஸ்டர் 15-8. புது முழங்கையோடும் குறைந்த எடையோடும் வந்த லாக்கியின் ஈ.ஆர்.ஏ. 3.52. குளோசர்கள் இருவர் அடுத்தடுத்துக் காயப்பட, மூன்றாவதாக அந்த வேலை கைக்கு வந்த உஎஹாரா 1.09 என்ற ஈ.ஆர்.ஏ.-வில் போட்டார். டெட்ராய்ட்டுக்கு எதிரான லீக் இறுதியில் விக்டோரினோ கிராண்ட் ஸ்லாம் (பேஸ் மூன்றும் நிறைந்திருக்க ஹோம் ரன், நான்கு ரன்) அடித்தார், அதற்குப் பிறகு 3.9 கோடி அதிகம் என்று யாரும் பேசவில்லை. உலகத் தொடரில் செயின்ட் லூயிஸுக்கு எதிராக லெஸ்டர் இரண்டு ஆட்டம் ஜெயித்தார், ஆறாவதும் கடைசியுமான ஆட்டத்தை லாக்கி ஜெயித்தார். ஃபென்வேயிலேயே கோப்பையை முடித்தது 1918-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. ஏழாவது இன்னிங்ஸில் லாக்கி களத்தை விட்டுப் போகும்போது அரங்கம் எழுந்து அவர் பெயரைச் சொல்லிக் கூவ, பல வருடம் தன்னை ஏசிய அந்தக் கூட்டத்துக்கு அவர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

ஃபாரெல் வந்ததால் ஓய்வறை மாறியது, தாடி வளர்த்தார்கள், ஒற்றுமை வந்தது என்று முதல் கட்சிக்காரர்கள் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். இருக்கலாம், ஏப்ரலில் பாஸ்டன் மராத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தபின் ஊரோடு அந்த அணிக்கு உண்டான பிணைப்பை யாரும் மறுக்க முடியாது. ஆனால் லாக்கியின் முழங்கையைச் சரிசெய்தது தாடி இல்லை.

அடுத்த வருடமே பாஸ்டன் 71-91 என்று மறுபடி கடைசி இடத்துக்குப் போனது வேறு விஷயம். லெஸ்டருக்கு 4 வருடம் 7 கோடி டாலர் என்று குறைத்துக் கேட்டு அவரை இழந்துவிட்டு, அதே குளிர்காலத்தில் பாப்லோ சாண்டவாலுக்கு 5 வருடம் 9.5 கோடி கொடுத்தார்கள், 2012 ஆகஸ்ட் மறந்துபோனது போல. லெஸ்டர் 6 வருடம் 15.5 கோடிக்குச் சிகாகோ கப்ஸுக்குப் போனார், அங்கே எப்ஸ்டைன் இருந்தார். ஒரு வருடம் கழித்து லாக்கியும் அங்கே போய்ச் சேர்ந்தார், டேவிட் ராஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார். கொன்சாலஸுக்காக விட்டுக்கொடுத்த ரிஸ்ஸோ அங்கே முதல் பேஸில் நின்றான். 2016-ல் கப்ஸ் 108 வருடத்துக்குப் பிறகு கோப்பையை வென்றபோது கடைசி அவுட்டுக்கான பந்து ரிஸ்ஸோவின் கையுறையில்தான் வந்து விழுந்தது.